செருப்போடு சாக்ஸ் போடலாமா? கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். அளவு பார்த்து, நடந்து பார்த்து, பில் போடும் நேரத்தில் பலர் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: "இதுக்குள்ள சாக்ஸ் போட்டுக்கலாமா?" ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்பது போல ஒரு தயக்கம். அந்த ஒரு சந்தேகமும், அதிலிருந்து கிளைவிட்ட மற்ற சந்தேகங்களும் இங்கே இருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். உடம்பு சம்பந்தப்பட்ட இடங்களில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கடைசிப் பேச்சு, நான் செருப்புக் கடைக்காரன்.

செருப்புல சாக்ஸ் போட்டுக்கிட்டு கடைத்தெருவுக்குப் போலாமாண்ணா? தப்பில்லையே?

தப்பில்லை, தாராளமாகப் போகலாம். தடுக்கிற சட்டம் எதுவும் கிடையாது. நம் பக்கத்து வழக்கத்திலும் அதற்குத் தடை இல்லை. காலை மூடிக்கொண்டு நடப்பதால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடாது.

பார்க்க வேண்டியதெல்லாம் செருப்பின் வார் எப்படிப்பட்டது, சாக்ஸ் சுத்தமாகக் காய்ந்து இருக்கிறதா என்பதுதான். அப்புறம், எந்த வாசலுக்குள் நுழையப் போகிறீர்கள் என்பது. கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் இதற்குள்ளேயேதான் சுற்றி வரும்.

அப்ப ஏன் பாக்கறவங்க சிரிக்கறாங்க?

ஆண்கள் போட்டால்தான் சிரிக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? காலை ஒன்பது மணிக்கு ஐந்து ரோடு ரவுண்டானாவில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும் பெண்கள் முகத்தில் துப்பட்டா, கையில் நீள கிளவுஸ், காலில் செருப்பும் சாக்ஸும் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெயில், தூசு என்று காரணம் எல்லோருக்கும் தெரியும். அதே சாக்ஸோடு ஓர் ஆண் டீக்கடைக்கு வந்தால் "என்ன மாப்ள, கால்ல அடியா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தக் கேலி நம்முடையது இல்லை என்பது என் எண்ணம். இங்கிலாந்து, அமெரிக்கா பக்கம் ஜெர்மன் சுற்றுலாப் பயணிகளைக் கிண்டல் செய்ய இது நெடுநாளாக ஓடுகிற ஜோக். அங்கே திறந்த செருப்பு கோடைக்கானது, சாக்ஸ் குளிருக்கானது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அவர்களுக்கு முரணாகத் தெரியும். நாம் பன்னிரண்டு மாதமும் செருப்பில்தான் நடக்கிறோம். வெயிலுக்கும் அதுதான், பனிக்கும் அதுதான். அவர்கள் ஊர் சிரிப்பு மீம்ஸ் வழியாக நம் மொபைலுக்கு வந்து, அங்கிருந்து டீக்கடைக்கு வந்துவிட்டது. இப்போது அங்கேயே பெரிய ஃபேஷன் கம்பெனிகள் மாடல்களுக்குச் சாக்ஸோடு செருப்பு மாட்டி மேடையில் நடக்க விடுகின்றன. டீக்கடைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இது இப்ப வந்த ஃபேஷன்தானே?

இல்லை. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து கிடைத்த சிவப்புக் கம்பளி நூல் சாக்ஸ் ஒரு ஜோடி இருக்கிறது. வயது ஏறத்தாழ 1,600 வருடத்துக்கு மேல். அதன் முனை இரண்டாகப் பிரிந்திருக்கும். செருப்பு வார் விரலிடுக்கில் போக வேண்டும் என்பதற்காகவே அப்படிப் பின்னியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் வட எல்லையில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை இருந்த இடத்தில், மரத் தகட்டில் மையால் எழுதிய கடிதங்களைத் தோண்டி எடுத்தார்கள். ஏறத்தாழ 1,900 வருடம் பழையவை. அதில் ஒரு கடிதம், உனக்குச் சாக்ஸும், இரண்டு ஜோடி செருப்பும், இரண்டு உள்ளாடையும் அனுப்பியிருக்கிறேன் என்று சொல்கிறது. குளிரில் காவல் நின்ற ஆளுக்கு வீட்டிலிருந்து பார்சல் போயிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஜப்பானில் இன்றைக்கும் கிமோனோ உடுத்தினால் கட்டைவிரல் பிரிந்த 'தபி' என்ற காலுறையைப் போட்டு, அதற்கு மேல்தான் செருப்பு. அங்கே அது விசேஷத்துக்கு உடுத்தும் உடை, கிண்டலுக்கு இடமே இல்லை.

எந்தச் செருப்புக்குச் சாக்ஸ் சரியா வரும், எதுக்கு வராது?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாதத்தின் மேல் குறுக்காக அகலமான பட்டை வரும் செருப்புக்கு எந்தச் சாக்ஸும் பொருந்தும். பின்னால் குதிகாலைப் பிடிக்கிற வாரும் இருந்தால் இன்னும் நல்லது. ஒட்டுப் பட்டை வைத்த ஃப்ளோட்டர் வகைதான் இருப்பதிலேயே வசதி. சாக்ஸ் போட்ட நாளில் பட்டையைத் தளர்த்திக்கொள்ளலாம், போடாத நாளில் இறுக்கிக்கொள்ளலாம்.

விரலிடுக்கில் வார் வரும் செருப்புக்கும், கட்டைவிரலுக்கு வளையம் வைத்த தோல் செருப்புக்கும் கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ்தான் வேண்டும். வாங்கும்போது பிரிவு எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். விரலின் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டால் வார் துணியை இழுத்துக்கொண்டே இருக்கும், சாயங்காலத்துக்குள் விரலிடுக்கு சிவந்துவிடும். குதிகாலுக்கு வளைவு வைத்துத் தைத்த சாக்ஸில் இடது வலது உண்டு, மாற்றிப் போட்டுவிட்டுச் சாக்ஸ் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க வராதீர்கள்.

பின்வார் இல்லாமல் சும்மா நுழைத்துக்கொள்ளும் மாடலில், உள்தளம் வழவழப்பாக இருந்தால் வேண்டாம். துணியும் வழவழப்பான தளமும் சேர்ந்தால் கால் முன்னால் சறுக்கும். மேடு ஏறும்போது செருப்பு பின்தங்கும், இறங்கும்போது விரல்கள் செருப்பைத் தாண்டி வெளியே வரும். தளத்தில் புள்ளி புள்ளியாகவோ வரி வரியாகவோ சொரசொரப்பு இருந்தால் சமாளிக்கலாம்.

இன்னொன்று. தினமும் சாக்ஸோடுதான் போடப் போகிறீர்கள் என்றால் கடைக்கே சாக்ஸோடு வாருங்கள், முடிந்தால் சாயங்காலம் வாருங்கள். பகலெல்லாம் நின்று நடந்த கால் சாயங்காலம் கொஞ்சம் உப்பியிருக்கும். அப்போது பொருந்துகிற அளவு எப்போதும் பொருந்தும்.

ரப்பர் செருப்புக்குச் சாதா சாக்ஸையே போட்டு, வாரை உள்ள அழுத்தி விட்டுக்கிட்டா போதாதா?

வீட்டு வாசல் வரை போதும். பஸ் ஏற ஓட முடியாது. துணி இறுகி இரத்த ஓட்டம் குறைவதுபோல விரல் மரத்துப்போகும், சாக்ஸும் அந்த இடத்தில் சீக்கிரம் கிழியும்.

என்ன துணி வாங்கணும்? ரோட்டோரம் விக்கறது போதுமா?

நடக்கிற, வேர்க்கிற காலுக்குப் பருத்தி கலந்தது நல்லது. முழுப் பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் நனைந்தால் லேசில் காயாது. கொஞ்சம் நைலானோ பாலியெஸ்டரோ கலந்திருந்தால் வடிவம் கெடாது, சீக்கிரம் காயும். முழு நைலான் மெல்லிசாக, பார்க்க அழகாக இருக்கும். சூடு தாங்காது, வழுக்கவும் வழுக்கும்.

ரோட்டோரத்தில் வாங்கினால் குறையொன்றும் இல்லை. கையை உள்ளே விட்டு விரல் பக்கத் தையலைத் தடவிப் பாருங்கள். கயிறு மாதிரித் தடித்து இருந்தால் விட்டுவிடுங்கள். மேல் விளிம்பு ரப்பர் கணுக்காலில் அழுந்தித் தடம் விடுகிற அளவுக்கு இறுக்கமாக இருக்கக் கூடாது.

ஸ்கின் கலர் சாக்ஸ் போட்டா கால் கறுக்காதுல்ல?

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உங்கள் விரல் அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிந்தால் வெயிலும் அப்படியேதான் உள்ளே போகும். தோலைக் கறுக்க வைக்கிற புற ஊதாக் கதிரைத் தடுப்பது துணியின் நெருக்கம். ஒரே நெசவில் வெளிர் நிறத்தைவிட அடர் நிறம் கூடுதலாகத் தடுக்கும். நனைந்த பருத்தியும், இழுபட்டு மெலிந்த துணியும் குறைவாகத் தடுக்கும். ஆக, அந்த மெல்லிய ஸ்கின் கலர் நைலான் தூசுக்குச் சரி, வெயிலுக்கு அரைகுறை. நெருக்கமாகப் பின்னிய பருத்திச் சாக்ஸ் போட்டால் செருப்பு வார் அச்சு காலில் விழாமல் தப்பிக்கலாம்.

மெட்டி மாட்டி நூல் இழுத்துக்குதுண்ணா, என்ன பண்றது?

கல்யாணம் ஆன பெண்கள் பலரும் சொல்வதுதான். மெட்டியின் வாய் திறந்திருக்கும் பக்கம், அதாவது இரண்டு முனையும் சேராத பக்கம், நூலைப் பிடித்துக்கொள்ளும். தட்டாரிடம் கொடுத்து முனையை மழுக்கித் தரச் சொல்லுங்கள், சின்ன வேலைதான். பூ வேலைப்பாடு, முத்து வைத்ததை விசேஷத்துக்கு வைத்துக்கொண்டு, வண்டி ஓட்டுகிற நாளில் பட்டையான சாதா மெட்டி போட்டால் பிரச்சினையே இல்லை.

சாக்ஸைச் சுருட்டிப் பாதி விரலில் மாட்டி, மெட்டியைத் தாண்டிய பிறகு இழுத்து விடுங்கள். ஒரேயடியாக இழுத்தால்தான் ஓட்டை விழும். மெட்டி போட்ட விரலுக்கு மேல் வார் அழுந்துகிற செருப்பானால், சாக்ஸின் தடிப்பும் சேர்ந்து வலிக்கும். அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

செருப்பு போட்டு வண்டி ஓட்டினா ஆயிரம் ரூபா ஃபைன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே? சாக்ஸ் போட்டா தப்பிச்சுக்கலாமா?

அந்த வாட்ஸ்அப் செய்தி 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது கிளம்பியது. அந்த வருடம் செப்டம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகம் மறுத்துவிட்டது. செருப்பு போட்டு ஓட்டினாலோ, லுங்கி பனியனில் ஓட்டினாலோ, அரைக்கைச் சட்டை போட்டிருந்தாலோ புதிய சட்டத்தில் அபராதம் இல்லை என்று சொன்னார்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால்தான் பிடிப்பார்கள், சாக்ஸ் அதற்கு ஈடாகாது.

சட்டம் போகட்டும், கால் வழுக்காமல் இருக்கிறதா என்பதுதான் வண்டியில் முக்கியம். கியர் வண்டியில் இடது கால் மேலும் கீழும் போக வேண்டும், வலது கால் பிரேக்கை மிதிக்க வேண்டும். வார் பற்றி மேலே சொன்ன அந்தச் சறுக்கல் கடையில் நடந்து பார்க்கும்போது சிரிப்பாக இருக்கும், கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கம் லாரிக்குப் பின்னால் போகும்போது சிரிப்பாக இருக்காது. கியர் வண்டி என்றால் பின்வார் உள்ள செருப்பு, இல்லையா, ஷூ.

ஓசூர்ல காலைல ஜில்லுனு இருக்கு, இங்க வந்தா வேர்க்குது. எதைப் போடறது?

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலை இறங்கிக் கிருஷ்ணகிரி வரும்போது பல நூறு மீட்டர் கீழே வந்துவிடுகிறீர்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தையில் விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்கும் பெரியவர்களைப் பாருங்கள். குரங்குக் குல்லாய், சால்வை, ரப்பர் செருப்பில் கம்பளிச் சாக்ஸ். யாரிடமும் கேட்டுப் போட்டுக்கொண்டதில்லை அது, குளிருக்கு அடக்கம், அவ்வளவுதான்.

இரண்டு ஊருக்கும் போய்வருகிறவர்களுக்குச் செருப்பும் சாக்ஸும்தான் ஷூவைவிட வசதி. சூளகிரி தாண்டியதும் சாக்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஷூவில் அந்த வசதி கிடையாது.

மழைல?

வேண்டாம். நனைந்த சாக்ஸில் காலை ஊற வைப்பது சேற்றுப்புண்ணுக்கு நாமே இடம் கொடுப்பது. அந்தப் பூஞ்சைக்கு ஈரமும் சூடும் விரலிடுக்கும் இருந்தால் போதும். மழையில் சிக்கிக்கொண்டால் முதல் வேலையாகக் கழற்றி, விரலிடுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் கைப்பையில் ஓர் உலர்ந்த ஜோடி இருக்கட்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை. செருப்புல சாக்ஸ் போடச் சொல்றாங்க, அவரு 'நான் என்ன ஸ்கூல் பையனா'ங்கறார். அவசியமா?

அவருக்குத்தான் எல்லாரையும்விட அவசியம். சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். முள் குத்தினாலும் தெரியாது, கல் உறுத்தினாலும் தெரியாது, செருப்பு காலைவிட்டுக் கழன்று பின்னால் கிடந்தாலும் தெரியாமல் நடந்து போவார்கள். கடையிலேயே அப்படி நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விரலிடுக்கு வார் செருப்பு கூடவே கூடாது. பின்வார் வைத்த, அகலப் பட்டை போட்ட எம்.சி.ஆர். செருப்பு கேளுங்கள். தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களைக் காப்பாற்ற, போன நூற்றாண்டின் நடுவில் வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவர் கூட இருந்தவர்களும் பழக்கத்துக்குக் கொண்டுவந்த மெத்தென்ற ரப்பர் அது. இன்றைக்குச் சர்க்கரைக்காரர்களுக்கும் அதையே எழுதிக் கொடுக்கிறார்கள்.

சாக்ஸ் வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருக்கட்டும். எங்காவது காயம் பட்டு இரத்தமோ நீரோ கசிந்தால் துணியில் தெரியும், உணர்ச்சி இல்லாத காலுக்கு அதுதான் எச்சரிக்கை மணி. மேல் விளிம்பு இறுக்கக் கூடாது. விரல் பக்கம் தையல் தடிப்பாக இருந்தால் உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள், பார்க்கிறவர்கள் என்ன நினைத்தால் என்ன. தினமும் இரவு கழற்றியதும் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். கொப்புளமோ நிறமாற்றமோ தெரிந்தால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

அவர் கௌரவம் பார்த்தால், வேட்டிக்குப் பொருந்துகிற வெள்ளைச் சாக்ஸ் என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். டாக்டர் சொன்னார் என்பதைவிடச் சில அப்பாக்களிடம் அது எடுபடுகிறது.

பித்தவெடிப்பு தெரியாம இருக்கத்தான் போடறேன். அதுல எதாவது கெடுதலா?

கெடுதல் இல்லை, நல்லதுதான். திறந்த குதிகாலில் தோல் சீக்கிரம் வறண்டு வெடிக்கும், தூசும் அதில் போய் உட்காரும். இரவில் காலைக் கழுவி, ஈரம் முழுசாகப் போவதற்குள் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவி, சுத்தமான பருத்திச் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். சில வாரத்தில் மறைக்க வேண்டிய அவசியமே குறையும். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடக்காதீர்கள். ஆழமாக வெடித்து இரத்தம் வந்தாலோ, சர்க்கரை இருந்தாலோ கைவைத்தியம் வேண்டாம்.

ஒரு வீட்டுக்குப் போனா செருப்பைக் கழட்டிடறோம். சாக்ஸையும் கழட்டணுமா?

ஷூவுக்கும் செருப்புக்கும் இங்கேதான் வித்தியாசம். ஷூவுக்குள் இருக்கும் சாக்ஸில் வியர்வைதான் இருக்கும். செருப்பில் போட்ட சாக்ஸ் ரோட்டுத் தூசு முழுவதையும் வாங்கியிருக்கும். வெளுத்த கல்தூசும் செம்மண்ணும் நம் ஊரில் எப்படி ஒட்டும் என்று தெரியும்தானே. கழுவித் துடைத்த தரையில் அதோடு நடந்தால் வீட்டுக்கார அம்மா வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார், மனசுக்குள் சொல்வார்.

அதனால் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிடுங்கள். செருப்புக்குள்ளேயே சுருட்டி வைக்காமல் ஒரு சின்னக் கவரில் போட்டுக் கைப்பையில் வைத்தால், திரும்பப் போடும்போது எறும்பு இருக்காது. காலில் புண், கட்டு என்று கழற்ற முடியாத நிலை என்றால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

கோயிலுக்கு? பள்ளிவாசலுக்கு?

கோயிலில் ஒவ்வோர் இடத்துக்கு ஒரு பழக்கம். பிரகாரத்தில் கல் சுடுகிறது என்று சாக்ஸோடு சுற்றுகிறவர்களைப் பல ஊர்களில் பார்க்கலாம், கண்டுகொள்ள மாட்டார்கள். சன்னிதிக்கு முன்னால் கழற்றிவிடுவதுதான் முறை. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோ தீர்த்தமலைக்கோ வெயிலில் போகிறீர்கள் என்றால் காலையிலேயே ஏறிவிடுங்கள், இந்தக் கேள்வியே வராது. மேலே சொன்ன தூசு விஷயம் இங்கே இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ரோட்டில் போட்டு வந்த சாக்ஸ் வேறு, சுத்தமான ஜோடி வேறு.

பள்ளிவாசலில் சாக்ஸோடு தொழுவதற்குத் தடை இல்லை, சுத்தமாக இருக்க வேண்டும். ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் சுத்தம் செய்வது) செய்து காலைக் கழுவிய பிறகு போட்ட தோல் காலுறை என்றால், அடுத்த ஒளுவில் கழற்றாமல் ஈரக்கையால் மேலே தடவிக்கொள்ளவும் இடம் உண்டு. உள்ளூரில் இருப்பவருக்கு ஒரு நாள், பயணத்தில் இருப்பவருக்கு மூன்று நாள் வரை. நாம் கடையில் விற்கும் துணிச் சாக்ஸுக்கு அது செல்லுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, உங்கள் இமாமைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபீஸுக்கு, இன்டர்வியூவுக்குப் போட்டுக்கிட்டுப் போலாமா?

ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் மிஷின் இருக்கும் இடத்துக்குள் செருப்பையே விட மாட்டார்கள், சேஃப்டி ஷூதான். அங்கே பேச்சே இல்லை. அலுவலக வேலைக்குத் தினமும் போகிறவர்கள் வண்டியில் சாக்ஸோடு வந்து, சீட்டில் உட்காரும் முன் கழற்றிவிடுகிறார்கள், பெண்கள் பலரும் செய்வது இதைத்தான். கழற்றாவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

இன்டர்வியூவுக்கு வேண்டாம். தப்பு என்பதால் இல்லை. பத்து நிமிடப் பேச்சில் எதிரில் இருப்பவர் உங்கள் பதிலைத்தான் கவனிக்க வேண்டும், காலை அல்ல. அன்றைக்கு ஒரு நாள் ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

நீட் எழுதப் போற பொண்ணு. செருப்புதான் போடணுமாமே, சாக்ஸ் போடலாமா?

ஆமாம், நீட் தேர்வுக்கு ஷூ கூடாது, செருப்பும் தாழ்ந்த குதிகால் சாண்டல்ஸும்தான் அனுமதி என்று உடை விதியில் போடுவார்கள். அந்தந்த வருட ஹால் டிக்கெட்டோடு வரும் குறிப்பையும் ஒரு முறை படித்துவிடுங்கள். சாக்ஸை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. சோதனை செய்கிறவர் கழற்றிக் காட்டு என்பார், பிள்ளைக்கு அந்த நேரத்தில் அந்தப் பதற்றம் எதற்கு?

மாந்தோப்புக்குப் போறப்ப பூச்சி கடிக்காம இருக்க சாக்ஸ் போட்டா போதுமா?

கொசுவுக்கு ஓரளவு போதும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, கணுக்கால் அதற்குப் பிடித்த இடம். பார்த்தீனியச் செடி பட்டால் அரிப்பு வருகிறவர்களுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு. ஆனால் பாம்புக்கும் தேளுக்கும் துணி ஒரு தடையே இல்லை. சாக்ஸ் இருக்கிறதே என்று புல்லுக்குள் தைரியமாகக் கால் வைப்பதுதான் ஆபத்து. அங்கே முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ்தான் போட வேண்டும்.

இன்னொரு தொல்லை, நாயுருவி. ஒரு சுற்று சுற்றி வந்தால் சாக்ஸ் முழுக்க ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுக்க உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும்.

ஒகேனக்கல்லுக்கு?

வேண்டவே வேண்டாம். ஈரப் பாறை, எண்ணெய்க் குளியல், பரிசல். நல்ல பிடிமானம் உள்ள ரப்பர் செருப்பு போதும்.

கலர் எப்படிப் பாக்கறது? வேட்டிக்குக் கறுப்புச் சாக்ஸ் போடலாமா?

போடலாம், ஆனால் எனக்குப் பிடிக்காது. வெள்ளை வேட்டிக்குக் கீழே பழுப்புச் செருப்பில் கறுப்புச் சாக்ஸ், பாதி ஷூ போட்டு மறந்து வந்தவர் மாதிரி இருக்கும். சாம்பல், வெளிர் பழுப்பு, இல்லை செருப்பின் நிறத்தை ஒட்டியது போட்டால் கண்ணில் தனியாக நிற்காது. பேன்ட்டுக்கு, பேன்ட் நிறமோ செருப்பு நிறமோ ஏதாவது ஒன்றோடு சேர்ந்தால் போதும். புதுத் தோல் செருப்புக்கு வெள்ளை வேண்டாம், வியர்வையில் சாயம் இறங்கித் துணி பழுப்பாகிவிடும்.

காலேஜ் பிள்ளைகள் கிராக்ஸுக்குப் பச்சை, மஞ்சள் என்று பொம்மை போட்ட சாக்ஸ் கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. வெளியே தெரிய வேண்டும் என்றுதான் போடுகிறார்கள்.

நாத்தம் வருதுண்ணா, செருப்பு திறந்துதானே இருக்கு?

செருப்பு திறந்திருந்தாலும் துணி மூடியிருக்கிறதே. வியர்வையில் வளரும் கிருமிதான் வாடைக்குக் காரணம். ஒரு ஜோடியை ஒரு நாளுக்கு மேல் போடக் கூடாது, காலையில் விரலிடுக்கு காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள், காயப்போடுவதும் அப்படியே. கொதிநீரில் போட்டால் மேல் ரப்பர் தளர்ந்து கணுக்காலில் வழிந்து நிற்கும், அதுதான் பார்க்க அசிங்கமே தவிரச் சாக்ஸ் அல்ல. செருப்பின் உள்தளத்தையும் வாரம் ஒரு முறை சோப்புத் துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். சாக்ஸைத் துவைத்துவிட்டுச் செருப்பை அப்படியே விட்டால் பயன் இல்லை.

என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கே செருப்பு, சாக்ஸோட வர்றார். சொன்னா கோவப்படறார். நீங்களாவது சொல்லுங்கண்ணா.

குடும்பத்துக்குள் என்னை இழுக்கிறீர்களே அக்கா. அவர் செய்வதில் தப்பு எதுவும் இல்லை என்று முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன், அதை மாற்றிச் சொல்ல முடியாது. மண்டபத்தில் மேடை ஏறும்போது செருப்பைக் கழற்றத்தான் போகிறார், அப்போது சாக்ஸும் கூடவே வர வேண்டும், வாசல் பற்றிச் சொன்ன அதே காரணம். போட்டோவில் அடர் நிறச் சாக்ஸ் தனியாகத் தெரியும் என்பதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

பந்திக்குப் போகும் முன் கழற்றச் சொல்லுங்கள். கை கழுவும் இடத்தில் எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும், அதில் ஒரு முறை சாக்ஸோடு மிதித்தார் என்றால் வீடு திரும்பும் வரை அந்த ஈரத்தோடுதான் பஸ்ஸில் உட்கார்ந்து வர வேண்டும்.